கட்டணம் கட்டியும் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடுகிறது. உழைக்கும் குடும்பங்களுக்கு எப்படித்தான் உதவுவது?

மாலைநேரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய குழுவாக இயங்குகிறோம். தினக்கூலிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், ஷிப்ட் முறையில் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்வி ஆண்டின் தொடக்கத்தில் கட்டணம், நோட்டு, பை, சீருடை எல்லாம் கொடுக்கிறோம். ஆண்டுக் கடைசியில் போய்ப் பார்த்தால் சில பிள்ளைகள் பள்ளியில் இல்லை. கட்டணம் கட்டியாயிற்று, பை புதிதாகவே இருக்கிறது, பிள்ளை வேலைக்குப் போய்விட்டது அல்லது வீட்டோடு இருக்கிறது. பெரும்பாலும் 7, 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள்.

பெற்றோரைக் கேட்டால் "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை", "அவளுக்கே இஷ்டமில்லை" என்றுதான் பதில் வருகிறது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கையில் இருக்கும் பணத்தை எதற்குச் செலவிட்டால் பிள்ளை கடைசிவரை பள்ளியில் இருக்கும்? ஆசிரியர்கள், பெற்றோர்கள், இதில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

நடுநிலை வகுப்புகளில் நெடுங்காலம் பாடம் எடுத்தவள் நான். எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விடுவதில்லை. வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள், மாதக்கணக்கில் அறிகுறி இருக்கும். முதலில் தாமதமாக வரும். அப்புறம் திங்கட்கிழமை வராது. விடுமுறை முடிந்து எல்லாரும் வந்தபின் இரண்டு நாள் கழித்து வரும். வீட்டுப் பாடம் எழுதாததற்குத் திட்டு வாங்கும், அந்தப் பயத்தில் மறுநாளும் வராது. ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் கணக்குப் பாடம் எங்கோ போயிருக்கும். புரியாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு வராமலே இருக்கலாம் என்று ஆகிவிடும். "நின்றுவிட்டான்" என்ற செய்தி நம் காதுக்கு வரும்போது எல்லாம் முடிந்து பல வாரம் ஆகியிருக்கும்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. ராபர்ட் பால்ஃபான்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007இல் எழுதினார்கள். வருகை மிகக் குறைவு, நடத்தையில் சிக்கல், மொழிப்பாடத்தில் தோல்வி, கணக்கில் தோல்வி, இவற்றில் ஒன்றாவது ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஆறாம் வகுப்பு! பள்ளியை விடும் வயதுக்கு எவ்வளவோ ஆண்டு முன்பே தெரிந்துவிடுகிறது. பள்ளி நாட்களில் 10 சதவீதம் தவறினாலே அங்கே அதை அபாயக் குறியாக எடுத்துக்கொள்கிறார்கள். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள் அளவுதான். மாதம் இரண்டு நாள் வராத பிள்ளையை எந்த ஆசிரியரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்.

அதனால் மாலைநேரத்துக்கு என் முதல் யோசனை: பணம் முழுவதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, பள்ளியில் ஒரு ஆசிரியரிடம் பேசி வையுங்கள். பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் உங்களுக்குத் தகவல் வரட்டும். மூன்றாம் நாள் போய்க் கேட்டால் காரணம் சின்னதாகத்தான் இருக்கும், சரிசெய்துவிடலாம். மூன்று மாதம் கழித்துப் போனால் பிள்ளை சம்பளம் வாங்க ஆரம்பித்திருக்கும்.

---

இரவுப்பணி எழுதியது:

டீச்சர் சொன்னது சரி. அதே கதை வீட்டுப் பக்கமிருந்து எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். நான் ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மா.

எனக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது இந்த வாரக் கடைசியில்தான் தெரியும். சில சமயம் முந்தின நாள் மாலை. காலை ஷிப்ட் விழுந்தால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அப்போது சின்னவனை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கொண்டுபோய் விடுவது யார்? என் மூத்த மகள். அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போவாள். தாமதமாக வந்தால் வாசலில் நிற்க வைப்பார்கள். நின்று நின்று அவமானப்பட்ட பிள்ளை "நான் இன்றைக்குப் போகவில்லைம்மா" என்று சொன்னால் நான் என்ன சொல்வது? சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாலும் அவள்தான் வீட்டில் இருப்பாள். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் கூலி போவதோடு, அந்த மாதம் முழுக்க ஒழுங்காக வந்ததற்குக் கொடுக்கும் தொகையும் போய்விடும்.

பள்ளியிலிருந்து பகல் பதினொரு மணிக்கு போன் செய்வார்கள். வேலை நேரத்தில் எங்கள் போன் வெளியே பெட்டியில் இருக்கும். பெற்றோர் கூட்டமும் பகலில்தான். வரவில்லை என்றால் அக்கறையில்லாத பெற்றோர் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன், கூட்டத்தை மாலையில் வைக்க முடியுமா என்று. அப்படி வழக்கமில்லை என்றார்கள்.

என் பிள்ளை படிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. "அவளுக்கே இஷ்டமில்லை" என்று நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் வந்து நிற்கிறவரிடம் என் ஷிப்ட், என் வீட்டு நிலை எல்லாவற்றையும் எப்படி விவரிப்பது? அந்தப் பதில்தான் சீக்கிரம் முடியும்.

---

மாலைநேரம் எழுதியது:

அக்கா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. பெற்றோரின் வேலை நேரம் என்ன என்று நாங்கள் எந்த வீட்டிலும் கேட்டதே இல்லை. எங்கள் படிவத்தில் வருமானம் மட்டும்தான் இருக்கிறது.

---

எண்கணக்கு எழுதியது:

பணம் கொடுப்பதைப் பற்றி நான் படித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். இதில் பல நாடுகளில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

மெக்சிகோவில் 1997இல் ப்ரோக்ரெஸா என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளை 85 சதவீத நாட்களாவது பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் உதவித்தொகை. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். வயது கூடக்கூட அந்தப் பிள்ளை வெளியே சம்பாதிக்கக்கூடிய கூலியும் கூடுகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குத் தொகை சற்று அதிகம். பலன் எங்கே தெரிந்தது என்றால், தொடக்கப் பள்ளியில் பெரிதாக இல்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். தொடக்கப் பள்ளியை முடித்து அடுத்த பள்ளிக்குத் தாவும் இடத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நீங்கள் சொல்லும் 7, 8, 9ஆம் வகுப்புக்கு இது பொருந்தும்.

அடுத்தது கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2005இல் நடந்த சோதனை. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரிவினருக்கு உதவித்தொகையை வழக்கம்போலக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கொடுத்து, மீதியைச் சேர்த்து வைத்து, அடுத்த ஆண்டுக்குப் பெயர் பதியும் சமயத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். அன்றாட வருகை இரண்டு பிரிவிலும் கூடியது. ஆனால் அடுத்த ஆண்டு மறுபடி சேர்ந்தவர்கள் சேர்த்து வைத்துக் கொடுத்த பிரிவில்தான் அதிகம். பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதற்கு அவ்வளவு பலம் இருக்கிறது. ஆண்டு முழுக்கத் துளித்துளியாக வரும் தொகை அன்றன்றைய செலவில் கரைந்துவிடும்.

அதே சோதனையில் வருத்தமான ஒரு விஷயமும் தெரியவந்தது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் உதவி கிடைத்தபோது, உதவி கிடைக்காத உடன்பிறப்பு, குறிப்பாகச் சகோதரி, முன்பைவிடக் குறைவாகப் பள்ளிக்குப் போய் அதிகமாக வேலை செய்தாள். ஒருவன் பள்ளியில் நிற்க இன்னொருத்தி வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

---

மாலைநேரம் எழுதியது:

எண்கணக்கு சார், கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் விதி "ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை". நிறைய வீடுகளைத் தொடலாம் என்று வைத்தது. அப்படியென்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வீட்டையே முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்று: பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கலாமா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி.

---

எண்கணக்கு எழுதியது:

ஆமாம், வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வீட்டில் ஒவ்வொரு பிள்ளை என்பதைவிட எட்டு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் என்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

நிபந்தனை பற்றி: மலாவியில் வளரிளம் பெண்களிடையே இரண்டு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2011இல் முடிவு வெளியானது. பள்ளியில் நிற்பதற்கும் தேர்ச்சிக்கும் நிபந்தனையோடு கொடுத்த பணம் அதிகம் உதவியது. ஆனால் ஏதோ காரணத்தால் பள்ளியை விட்டுவிட்ட பெண்களுக்கு நிபந்தனையில்லாத பணம்தான் துணையாக நின்றது. இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் அந்தப் பிரிவில் குறைந்தன. மொராக்கோவில் நிபந்தனை எதுவும் இல்லாமல், "இது உங்கள் பிள்ளையின் படிப்புக்கு" என்று மட்டும் சொல்லி ஒரு சிறிய தொகை கொடுத்தார்கள். இடைநிற்றல் நன்றாகவே குறைந்தது. மேலே நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பலன் இல்லை.

உங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு என் கருத்து: நிபந்தனை வேண்டாம். பிள்ளை வராத வாரத்தில்தான் அந்த வீட்டுக்கு ஏதோ கஷ்டம். அந்த வாரமே பணத்தையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

---

மறுபடியும் எழுதியது:

எல்லாரும் பணத்தையும் வருகையையும் பேசுகிறீர்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் நின்றவன், பிறகு சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்து படித்தவன். எங்கள் வீட்டில் பணக் கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் நான் நின்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே சரியாகத் தெரியாது. பின்னம் வந்தபோது அப்பாவின் வேலைக்காக இடம் மாறினோம். புதிய பள்ளியில் பின்னம் முடிந்திருந்தது. அதற்குப் பின் வந்த எல்லாமே பின்னத்தின் மேல் கட்டியது. நாலு வருடம் எழுதிப்போடுவதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினேன், ஒரு வரி புரியாமல். ஒன்பதாம் வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் நிற்பேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். லீவு நாளில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்தார்கள், செய்தேன், "நல்லா செய்றடா" என்றார்கள். சாயங்காலம் கையில் காசு. பதினான்கு வயதுப் பையனுக்கு எந்த இடம் பிடிக்கும் சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு மாலை வகுப்பு. அங்கே இருந்தவர் முதல் நாளே என்னிடம் ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாருமே அப்படித்தான் வந்திருந்தார்கள். நாலு ஆண்டாக முடியாது என்று நினைத்த பின்னம் சில வாரங்களில் புரிந்துவிட்டது. எனக்கு மூளை இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்தது அன்றைக்குப் போயிற்று.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வகுப்பு எட்டு என்று இருக்கும், படிப்பது மூன்றாம் வகுப்பு அளவில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது வகுப்பறையில் உட்கார்ந்திருக்காது.

---

கரும்பலகை எழுதியது:

மறுபடியும் தம்பி எழுதியது ஒவ்வொரு ஆசிரியரும் படிக்க வேண்டியது. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு இதையே முறையாகச் செய்தது. வயதையும் வகுப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள் என்று பிரித்து, தினமும் குறிப்பிட்ட நேரம் அந்தந்த நிலையிலிருந்து சொல்லிக்கொடுப்பது. பல இடங்களில் சோதித்துப் பார்த்ததில், சரியாக நடத்தப்பட்ட இடங்களில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வேகமாக முன்னேறின. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, பொறுமையுள்ள தன்னார்வலர் போதும். உங்கள் குழுவிலேயே ஆள் இருக்கும்.

---

பட்டறை எழுதியது:

எனக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் சின்ன வயதில் தொழிலுக்கு வந்தவன். கை சுத்தமாக வேலை கற்றேன், குடும்பத்தை நிமிர்த்தினேன். எல்லாப் பிள்ளைகளையும் எப்படியாவது வகுப்பறையில் உட்கார வைத்தே தீர வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. படிப்பு வராத பையன் நாலு வருடம் அவமானப்பட்டுத் தேர்வில் தோற்று வெளியே வருவதைவிட, நல்ல மேஸ்திரியிடம் தொழில் கற்பது மரியாதை இல்லையா? வீட்டுக்கும் உதவி.

---

மறுபடியும் எழுதியது:

ஐயா, என்னை முதலில் மனிதனாக மதித்தது பட்டறைதான், அதை மறக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒருத்தர் கிடைத்தார். என்னோடு நின்ற மற்றவர்களுக்குத் தூக்குகிற வேலை, துடைக்கிற வேலைதான் கிடைத்தது. இன்றும் அதே வேலைதான். எனக்கே வரைபடம் பார்த்து அளவு எடுக்க வேண்டிய வேலை வந்தபோது பின்னம் தெரியாமல் நின்றேன். தொழிலுக்கும் அந்தப் படிப்பு வேண்டியிருக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

பட்டறை ஐயா, வேலையைத் தாழ்வாக யாரும் இங்கே பேசவில்லை. எந்த வயதில், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்று வைக்கிறது. கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் கீழே அது போகக்கூடாது என்றும் சொல்கிறது. உடலுக்கும் படிப்புக்கும் கெடுதல் இல்லாத இலகுவான வேலைக்கு 13 வயதிலிருந்து இடம் உண்டு. ஆபத்தான வேலை என்றால் 18. இதை எழுதியவர்கள் வறுமை தெரியாதவர்கள் இல்லை. வளர்ச்சி குறைந்த நாடுகள் முதலில் 14 வயதிலிருந்து தொடங்கலாம் என்றும் வழிவிட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் நான் கண்டது: பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் பெற்றோருக்குக் கைகொடுக்கும் பிள்ளை படித்துவிடும். இரவு பத்து மணி வரை நிற்கும் பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடும். இப்படித் தூங்கும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்லாமல் ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உலக அளவில் குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை 2020இல் 16 கோடி என்று மதிப்பிட்டார்கள். 2024இல் சுமார் 13.8 கோடி. குறைகிறது, ஆனால் பாதிக்கும் மேல் விவசாய வேலையில், அதுவும் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு. முதலாளியைப் பிடித்துத் தண்டித்தால் தீர்ந்துவிடும் என்பதற்கு அங்கே முதலாளியே இல்லை.

---

இரவுப்பணி எழுதியது:

பட்டறை அண்ணா, "படிப்பு வராத பையன்" என்று வசதியான வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே டியூஷன் வைப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு மட்டும் அது முடிவாகிவிடுகிறது.

---

பட்டறை எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மைதான்மா. என்னிடம் வேலைக்குப் பையனைக் கூட்டி வந்தால் பதினைந்து முடியட்டும் என்று திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் எந்தப் பள்ளி, ஏன் போகவில்லை என்றும் கேட்கிறேன். ஆனால் திருப்பி அனுப்பினால் அவன் வேறு இடத்துக்குத்தான் போகிறான். பள்ளியிலிருந்து எங்களிடம் வந்து யாரும் கேட்டதில்லை. பையன் எங்கே வேலை செய்கிறான் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாலைநேரம் குழுவினர் எங்களிடமும் பேசலாமே.

---

ஊர்மாறி எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். பருவத்துக்குப் பருவம் வேலை தேடி இடம்பெயரும் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

குடும்பம் கிளம்பும்போது பள்ளியில் யாரிடமும் சொல்லாது, கடன் பயமோ, அவசரமோ. போன இடத்தில் பழைய பள்ளியின் தாள் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பழைய பள்ளியில் பெயரை நீக்கியிருப்பார்கள். நடுவில் பிள்ளை தானாகவே வேலை இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கிளம்புவதற்கு முன்பே வகுப்பு, படித்த பாடம் வரை எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைப் பெற்றோர் கையில் கொடுங்கள். பாட்டி அல்லது உறவினர் ஊரில் தங்கினால் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்ளும் செலவைக் குழு ஏற்கலாம். பிள்ளை அம்மாவைப் பிரிந்து ஏங்கும் என்பதால் அதிலும் யோசனை வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் கூடவே போகட்டும், அங்கே சேர்க்க வழி பார்ப்போம்.

---

நெடும்பாதை எழுதியது:

தூரத்தை யாரும் சொல்லவில்லையே? தொடக்கப் பள்ளி பக்கத்தில் இருக்கும், அதற்கு மேல் படிக்க வெகுதூரம் போக வேண்டும். வேலைக்குப் போன பெற்றோரால் கூட்டிப்போக முடியாது. பெண் பிள்ளை தனியாக நடக்க வேண்டும் என்றால் வீட்டில் தயங்குவார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் படிப்பில் சேர்வது 32 சதவீதம் உயர்ந்தது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் ஆய்வில் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த இடங்களில்தான் பலன் அதிகம். பல பெண்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து போனதும் ஒரு தைரியம் என்று நினைக்கிறேன்.

கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. மாதத்தில் சில நாள் வராத பெண் பிள்ளைகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

---

மாலைநேரம் எழுதியது:

எல்லாவற்றையும் எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். நேற்று ஒரு வீட்டுக்குப் போனோம். எட்டாம் வகுப்புப் பெண், சில வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. "அவளுக்கே இஷ்டமில்லை" என்றுதான் அந்த அம்மாவும் முதலில் சொன்னார்கள். உட்கார்ந்து, உங்களுக்கு வேலை நேரம் எப்போது என்று கேட்டேன். அப்புறம் வந்தது உண்மை. ஷிப்ட் மாறியிருக்கிறது, வீட்டில் இரண்டு வயதுத் தம்பி, பார்த்துக்கொண்டிருந்த பாட்டி இறந்துவிட்டார்கள். அந்தப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதற்கு என்ன செய்வது? கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று.

---

இரவுப்பணி எழுதியது:

அந்த அம்மாவுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் பெண்மணி யாராவது இருப்பார்கள், வயதானவராக, அல்லது கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவராக. சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் நாலு நாள் பார்ப்பார்கள், பிறகு கஷ்டம்தான். மாதம் ஒரு தொகை கொடுத்தால் பொறுப்பாகப் பார்ப்பார்கள். அதை உங்கள் குழு கொடுக்கட்டும். யாரிடம் விடுவது என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும், நீங்கள் ஆள் பார்க்காதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தால் அது எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கும் காப்பகத்தால் அவர்களுக்குப் பயனில்லை.

---

கரும்பலகை எழுதியது:

பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, அந்தப் பெண் வரும் முதல் வாரம் தாமதமானாலும் வாசலில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். திரும்பி வரும் பிள்ளை அந்த ஒரு கேள்வியில் மறுபடி போய்விடும்.

---

எண்கணக்கு எழுதியது:

தம்பியைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் கல்விச் செலவாகவே உங்கள் கணக்கில் எழுதுங்கள். நன்கொடை கொடுப்பவர்கள் கேட்டால் இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் விளக்குங்கள். பை வாங்கிக் கொடுத்ததைப் படம் எடுத்துப் போடலாம், இதைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் இதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, எடுத்த வீட்டை ஓர் ஆண்டில் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான செக் அண்ட் கனெக்ட் என்ற முறையில் ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி, குறைந்தது இரண்டு ஆண்டு. வருகையையும் மதிப்பெண்ணையும் அவர் தொடர்ந்து பார்ப்பார், பள்ளியோடும் வீட்டோடும் பேசுவார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை யாரிடமும் எதையும் சொல்லாது.

---

மாலைநேரம் எழுதியது:

தகவல் சொல்கிறேன். பக்கத்தில் ஓர் அம்மா ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் தாயாரே பேசி முடித்தார்கள். மாதத் தொகையை ஆண்டு முடியும்வரை நாங்கள் தருகிறோம், அடுத்த ஆண்டும் தொடர்வது என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர், தாமதம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்குப் போய்விட்டாள்.

படிவத்தையும் மாற்றிவிட்டோம். பெற்றோரின் வேலை நேரம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் யார், யார் பார்த்துக்கொள்கிறார்கள், அழைக்க வசதியான நேரம் எது, இதெல்லாம் சேர்த்தாயிற்று. "ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை" விதியை எடுத்துவிட்டோம். ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்துக்கு வைக்கிறோம்.

ஒரு சிக்கல். கணக்கில் நிறைய விட்டுப்போயிருக்கிறது, வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்கிறாள். மறுபடியும் தம்பி, நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

---

மறுபடியும் எழுதியது:

எனக்கு ஞாயிறு காலை வேலை இல்லை, போனில் சொல்லிக்கொடுக்கிறேன். அவளுடைய அம்மாவும் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்கு எழுதி அனுப்புகிறேன். அவள் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும், யாரும் உதவ வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். போட்ட தாளை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.